கூண்டு வண்டிக்காரம்மாவின் பதின்மூன்றாவது பந்து

மட்டையைப் பிடித்த கை வியர்வையில் வழுக்கியது. அந்தக் கோல்ஃப் பயிற்சித் திடலில் எல்லோருக்கும் அவள் வண்டிக்காரம்மா. ஒன்பது வருடமாகக் கம்பிக்கூண்டு போட்ட வண்டியை ஓட்டி, புல்லில் சிதறிக் கிடக்கும் பந்துகளை வாரியவள். அந்தக் குலுக்கலில் இடுப்பு போய்விட்டது. இனி வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே அவளுக்கு மிச்சமிருப்பது ஒரே வேலைதான்: புதிதாக வருகிறவர்களுக்கு ஆரம்பப் பாடம் சொல்லித் தருவது. அதற்குப் பத்து மணிக்கு மேனேஜர் கண்ணெதிரே ஒரு பந்தாவது மேலே எழும்ப வேண்டும்.

இதுவரை அடித்த பதினொன்றும் தரையில் உருண்டன.

"அண்ணி, கோழிக் கழுத்தைத் திருகுற மாதிரி பிடிக்காதீங்க," என்றாள் அங்கேயே புல் வெட்டும் நாத்தனார். "விரல்ல பிடிங்க. காலைத் தோள் அகலத்துக்கு வைங்க. பந்தைத் தூக்கிவிடப் பார்க்காதீங்க. மட்டை முகம் சாய்வா இருக்குல்ல, அதுவே தூக்கிடும்."

எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனால் மட்டை இறங்கும்போது தோள் காதுவரை ஏறியது. தோள் ஏறினால் கை ஏறும். கை ஏறினால் மட்டை பந்தின் உச்சந்தலையைத்தான் தடவும். பன்னிரண்டாவதும் உருண்டது.

"ஐயோ அண்ணி, பதுங்குறீங்க! கூண்டுக்குள்ள பதுங்குவீங்களே, அதே மாதிரி!"

உண்மைதான். தூரத்தில் ஒரு மட்டை இறங்கினாலே பந்து தன்மேல்தான் வருகிறது என்று அந்த உடம்பு பழகியிருந்தது. இப்போது மட்டையை இறக்குவது தன் கையே என்றாலும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

"பயத்தை விடச் சொல்லல. முதல்ல அடிங்க, அப்புறம் பதுங்குங்க. பந்து போன பிறகும் அது இருந்த இடத்தையே பாருங்க. இன்னைக்கு உங்க வண்டியை நான்தான் எடுக்கணும், நேரமாச்சு."

"நீயா? அடிக்கிற நேரத்துல நீ உள்ளயா?"

"கூண்டு எதுக்கு இருக்கு?"

வண்டி புல்லுக்குள் நகர்ந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து நின்றார். அவள் பதின்மூன்றாவது பந்தை எடுத்து வைத்தாள். விரிப்பில் பந்து இருந்த இடத்தில் கண்ணை ஆணி அடித்தாற்போல் வைத்தாள். மட்டை இறங்கியது. கை லேசானது. விரிப்பில் பந்து இல்லை.

தூரத்தில் 'டங்' என்றது கூண்டு.

அவள் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குந்திவிட்டாள்.

"பந்து விழுந்தது அங்க. நீங்க ஏம்மா இங்க பதுங்குறீங்க?" என்றார் மேனேஜர். கூண்டுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து உற்சாகமாக ஆடியது. "சரி, திங்கக்கிழமை எட்டு மணிக்கு நாலு பேர் வர்றாங்க. முதல் பாடம் உங்களோடதுதான்."

"நாலு பேரா?" என்றாள் அவள், தலையிலிருந்து கையை எடுக்காமலே.