கஸ்தூரியின் பதிவு எண்

பி.எஸ்.சி. கணக்குப் பட்டத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய, வேதாவும் கஸ்தூரியும் திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்கு ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். எண்பத்தொன்றாம் வருஷம். கஸ்தூரிக்கு 492143 கிடைத்தது. பின்னால் நின்ற வேதாவுக்கு 492144.

“உன்னுது இரட்டைப்படை. பொறக்கும்போதே ரெண்டால உடைஞ்சி போச்சு,” என்று சிரித்தாள் கஸ்தூரி. “என்னுது பகா எண்ணா இருந்தா இன்னா தருவ?”

“வேலைதான் தரமாட்டானுங்க. பகா எண்ணாவது தந்தானுங்களானு பாப்போம்.”

வேலை வரவில்லை. கஸ்தூரிக்குக் கல்யாணம்தான் வந்தது, வேங்கிக்காலுக்குப் போய்விட்டாள். அடி அண்ணாமலையில் அப்பாவின் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே களை பறித்தபடி, வேதா அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டாள். அதன் வர்க்கமூலம் 701ஐச் சற்றுத் தாண்டும்; 701 வரை நூற்றிருபத்தாறு பகா எண்கள். அவற்றில் எதனாலும் வகுபடாவிட்டால் 492143ம் பகா எண்தான். சரிபாதி பிரித்து, பெரிய எண்கள் அறுபத்துமூன்றைக் கஸ்தூரிக்குத் தபாலில் அனுப்பினாள். நாலு மாதம் கழித்துக் கார்டு வந்தது: ‘எதாலும் வகுபடவில்லை.’

இருவர் பெயரும் போட்டுக் கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதினாள் வேதா. கல்யாணப் பத்திரிகையைத் தவிர, அவள் வம்சத்தில் யார் பெயரும் அச்சில் வந்ததில்லை. கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: ‘523ஆல் வகுத்துப் பார்க்கவும்.’ வகுத்தாள். மீதி பூஜ்யம். 523 கஸ்தூரியின் பங்கு.

மறுநாளே வேங்கிக்காலுக்குப் போய் வாசலில் நின்று கத்தினாள்.

“பொய்காரிடி நீ. 523ஐப் போடாமலே போட்டேன்னு எழுதியிருக்க. டிபார்ட்மெண்ட்டே சிரிக்குது.”

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாமியார் ஜோதியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கஸ்தூரி வெளியே வந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

“521 வரைக்கும் நெஜமா போட்டேன்டி. அப்ப வலி வந்துடுச்சு. ஏழாம் மாசம். பொண்ணு. ஒரு நாள்தான் இருந்தா.”

அவள் முழுகாமல் இருந்ததே வேதாவுக்குத் தெரியாது.

“எழுதக் கூடாதா?”

“ஒக்காந்தேன். கை வரல. நீ வேற கணக்கு கேட்டு மூணு கார்டு போட்டுட்ட. அந்த நம்பர் ஒன்னாவது உடையாம இருக்கட்டும்னு எழுதிட்டேன்.” பிறகு அவளே கேட்டாள்: “எவ்ளோ தரம் போச்சு?”

“தொள்ளாயிரத்து நாப்பத்தொன்னு.”

கஸ்தூரி உதட்டுக்குள் பெருக்கிப் பார்த்தாள். “சரிதான்.”

ஜோதியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். “டாக்டரம்மா குடுத்த மாத்திரைய தவறாம முழுங்குனேன்னு சொன்னியே, அதுவும் இப்டிதானா?”

“முழுங்குனேன் அத்தே.”

“யார் கண்டா? கூடப் படிச்சவளே சொல்றா, பொய்காரினு.”

“இல்லீங்கம்மா,” என்றாள் வேதா. “அது கணக்குக்குச் சொன்னதுங்க.”

“படிச்ச பொண்ணு நீ. தெரியாமயா சொல்லுவ?”

கஸ்தூரி யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். ஜோதியம்மாள் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கணக்குக்குத்தான் சொன்னேன், கணக்குக்குத்தான் சொன்னேன் என்று அந்த முதுகிடம் வேதா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.