கிறீன்வூட் வம்சத்தின் நாற்பத்தேழாம் பக்கம்

நாற்பத்தேழாம் பக்கத்தை எடுத்துவிட்டால் அபிஷனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அலெக்ஸாண்டர் கிறீன்வூட் தன் ஒரே மகள் கரோலினிடம் சொன்னபோது, குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மக்டலீனின் கத்தி நின்றது. மூன்று வருடமாக அந்த வீட்டில் அவருடைய கணவர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "அந்தப் பெடியன்" என்பார். கோபம் வந்தால் "உந்தப் பல்லுப் புடுங்கிறவன்" என்பார். இன்றைக்கு அபிஷன் என்று முழுதாகச் சொன்னார்.

"திருப்பிச் சொல்லுங்கோ அப்பா," என்றாள் கரோலின்.

"உந்த ஒரு பக்கம்தான் பிள்ளை. அதை எடுத்துவிடு. கலியாணத்துக்கு நான் மறுப்புச் சொல்லமாட்டன். கலியாண ஹோலும் நானே புக் பண்ணுறன்."

அச்சகம் சரிபார்க்க அனுப்பிய படி மேசையில் கிடந்தது. நூற்றிருபது பக்கம். 'கிறீன்வூட் வம்சம்: எல்டன்ஷாவிலிருந்து மார்க்கம் வரை'. அலெக்ஸாண்டரின் எழுபதாவது பிறந்தநாளன்று ஸ்காபரோ மண்டபம் ஒன்றில் வெளியிடப்படவிருந்த நூல். ரொறன்ரோவில் எழுபது வயதான எங்கள் ஆட்கள் இரண்டு வகை: புத்தகம் வெளியிட்டவர்கள், வெளியிடப்போகிறவர்கள். அலெக்ஸாண்டர் தான் பிந்திவிட்டதாக நினைத்து இரண்டு வருடமாகவே பதறிக்கொண்டிருந்தார்.

அவருக்கு எழுத விஷயமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழனுக்கு கிறீன்வூட் என்ற பெயர் எப்படி வந்தது? இங்கிலாந்தில் எல்டன்ஷா என்ற பஞ்சாலை நகரத்தில் ஒரு முதலாளி. அவருடைய இளைய மகன் கப்பலேறி இலங்கைக்கு வந்தான். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நல்ல குடும்பத்துப் பெண்ணொருத்தியைக் கண்டு மனம் பறிகொடுத்தான். இந்தக் கதையை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தானே சொல்லிச் சொல்லி நம்பியது. சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்தால் மூக்கில் மட்டும் கொஞ்சம் இங்கிலாந்து தெரிவதாக அவருக்குப் படும். கிறீன்வூட் குலச்சின்னம் என்று இணையத்தில் விற்ற ஒன்றை வாங்கி, ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரத்திலிருந்த தன் வீட்டு வாசற்கதவில் அறைந்திருந்தார்: மரமொன்றைக் கட்டிப்பிடித்தபடி ஒரு சிங்கம். தபால் கொண்டுவரும் பெண் வீட்டில் கடிநாய் இருக்கிறதென்று நினைத்து முதல் வாரம் கடிதங்களைப் புல்லில் போட்டுவிட்டுப் போனாள்.

பெயரால் இன்னொரு வசதியும் இருந்தது. ரொறன்ரோவில் இரண்டு தமிழர் சந்தித்தால் மூன்றாவது வசனம் "ஊரில எவடம்?" ஊரின் பெயரைச் சொன்னால் போதாது. கோயிலுக்கு எந்தப் பக்கம், எந்த ஒழுங்கை, ஆருடைய வளவுக்குக் கிட்ட என்று அந்தக் கேள்வி படிப்படியாக இறங்கிப் போய், சாதியில் காலூன்றும்வரை நிற்காது. கிறீன்வூட் என்றதும் கேட்பவருக்குப் பிடிமானம் போய்விடும். "ஓ, வெள்ளைக்காரப் பரம்பரையோ," என்று மரியாதையாக விட்டுவிடுவார்.

அபிஷனுக்கு அந்த வசதி இல்லை. பக்கத்து நகரமான பிக்கரிங்கில் சொந்தமாகப் பல் வைத்தியசாலை வைத்திருந்தான். அது கணக்கில் வரவில்லை. அலெக்ஸாண்டரின் உயிர்ச் சிநேகிதர் இராசரத்தினம் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பழைய மாணவர் சங்கத் தலைவர், கனடாவில் நடக்கிற எங்கள் கலியாணங்களில் பாதிக்குச் சம்பளமில்லாத விசாரணை அதிகாரி. ஆறு தொலைபேசி அழைப்பில் விஷயத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

"பெடியன் நல்ல பெடியன். படிப்பும் திறம். தாயும் நல்ல மனிசி," என்றார். பிறகு "ஆனா" என்றார். பிறகு செருமினார். "தகப்பன்ர தகப்பன் ஊருக்கு உடுப்பு வெளுத்தவர், அலெக்ஸ். நான் சொல்லாம விட்டா நாளைக்கு நீதான் என்னை ஏசுவாய்."

அதோடு பேச்சு முடிந்தது. கரோலினுக்கு முப்பத்திரண்டு வயது. மருந்தகமொன்றில் மருந்தாளராக இருக்கிறாள். தன் பாட்டில் போய்க் கையெழுத்து வைத்துக் கட்டியிருக்கலாம். ஆனால் தகப்பன் கையைப் பிடித்து வராமல் தேவாலயத்துக்குள் நடக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பலவீனத்தை அறிந்துதான் அலெக்ஸாண்டர் ஒரு நாள் சொன்னார்: "முதல்ல இந்தப் புத்தகத்துக்கு உதவி செய் பிள்ளை. மற்றதைப் பிறகு யோசிப்பம்."

எல்டன்ஷாவின் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கு அவள் எழுதினாள். ஜெசிகா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஞானஸ்நானப் பதிவேடுகளையும் ஆலைப் பேரேடுகளையும் கிளறி வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார். முதலாவது வந்தவுடனேயே அலெக்ஸாண்டர் பரபரத்தார்.

"அவை ஊரில எவடம் எண்டு கேள். மலைப்பக்கமோ, கால்வாய்ப்பக்கமோ? முதலாளிமார் மலையிலதான் இருந்திருப்பினம்."

"அப்பா, அது இங்கிலாந்து."

"இங்கிலாந்து எண்டா ஒழுங்கை இல்லையோ? கேளன்."

கேட்டாள். பதில் வந்தது: கால்வாய்க்குப் பின்னால், நிலமட்டத்துக்குக் கீழே இரண்டு அறை. ஒன்பது பேர்.

அலெக்ஸாண்டர் அந்த மின்னஞ்சலை மூன்று தரம் வாசித்தார். பிறகு, "தொடக்கத்தில கஷ்டப்பட்டிருப்பினம். போகப்போக முன்னுக்கு வந்திருப்பினம்," என்று தேறிக்கொண்டார்.

அவர்கள் முன்னுக்கு வரவில்லை. முதல் கிறீன்வூட் வீட்டிலேயே கைத்தறி போட்டவன். விசைத்தறி வந்ததும் தறியை விறகாக்கிவிட்டு ஆலைக்குப் போனான். அவன் மகன் அதே ஆலையில் நூல் நூற்று, நாற்பது வயதில் நெஞ்சு முழுக்கப் பஞ்சோடு செத்தான். பேரப்பிள்ளைகளில் ஜேம்ஸ் என்பவனுக்கு, ஓடுகிற இயந்திரத்தின் கீழே ஊர்ந்துபோய் விழுந்த பஞ்சைக் கூட்டுகிற வேலை. பதினொரு வயதில் ஒரு நாள் அவன் வெளியே வரவில்லை. அவனுடைய தமக்கை ஹன்னா நெசவுக்காரி. கலியாணம் கட்டாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கினாள். அவளோடு அந்தக் கிளை முடிந்தது. ஒருவரும் கப்பலேறவில்லை.

பெயர் மட்டும் ஏறியது. எப்படி என்பதுதான் நாற்பத்தேழாம் பக்கம். வலிகாமத்து மிஷன் பள்ளியிலிருந்து 1871ஆம் ஆண்டு பாதிரியார் ஹன்னாவுக்கு எழுதிய கடிதமொன்றை ஜெசிகா தேவாலயப் பெட்டியில் கண்டெடுத்திருந்தார். கரோலின் அதைத் தமிழாக்கி, முன்னும் பின்னும் ஒரு சொல் சேர்க்காமல் போட்டிருந்தாள்:

'நீங்கள் படிக்க உதவும் சிறுவனின் பெயர் கந்தன். வயது ஒன்பது. தகப்பன் பனையேறிக் கள் இறக்குகிறவர். இவன் பள்ளிக் கிணற்றைத் தொடக்கூடாது என்கிறார்கள். இவனை மற்றப் பிள்ளைகளோடு வாங்கில் இருத்திய அன்று பதினேழு பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே உங்கள் விருப்பப்படி இறந்துபோன உங்கள் தம்பியின் பெயரை முழுமையாக இவனுக்குக் கொடுத்து, இவனை ஒருவரும் அறியாத தூரத்து ஊரொன்றுக்குப் படிக்க அனுப்புகிறோம். ஜேம்ஸ் கிறீன்வூட் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.'

அந்த ஜேம்ஸ் கிறீன்வூட் பிறகு வாத்தியாரானார். அலெக்ஸாண்டரின் பூட்டன் அவர்தான். மார்க்கம் வீட்டு வரவேற்பறையில் கோட்டுப் போட்டபடி சுவரில் தொங்குகிறார். இராசரத்தினம் வைத்திருக்கிற சாதி ஏணியைச் சாத்திப் பார்த்தால், அபிஷனின் பாட்டன் நின்ற படிக்கும் கீழே நின்றவர்.

இதை வாசித்த பிறகு அலெக்ஸாண்டர் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தார். மேல்மாடி, கீழ்மாடி, கராஜ், திரும்ப மேல்மாடி. மூன்றாம் நாள் வந்துதான் மகளிடம் பேரம் பேசினார்.

கரோலின் அச்சுப் படியை மூடி அதன்மேல் கையை வைத்தாள்.

"கந்தன் எண்ட அந்தப் பெடியனுக்கு வாங்கில இருக்க இடம் குடுக்கேல்ல அப்பா. இப்ப அவரின்ர பேரைப் போட்டு அடிக்கிற புத்தகத்திலயும் இடமில்லை எண்டுறியள். அவரைக் கலைச்சுப்போட்டு எனக்கு உங்கட கையைப் பிடிச்சு நடக்கவேண்டாம்."

"என்ன, கலியாணம் வேண்டாமோ?"

"உங்கட சம்மதம் வேண்டாம். கலியாணம் நடக்கும்."

தகப்பன் இல்லாத அந்த நீண்ட நடையை அவள் அந்த நிமிடமே மனசுக்குள் தனியாக நடந்து முடித்துவிட்டாள்.

"நீ விசர்க்கதை கதையாத," என்றார் அலெக்ஸாண்டர். "சனம் என்ன சொல்லும்? இராசரத்தினம் வாழ்த்துரை எழுதித் தந்திட்டான். 'ஆங்கிலக் கனவானின் வழித்தோன்றல்' எண்டு எழுதியிருக்கிறான்."

"அங்கிள் புத்தகத்தை வாசிக்காம எழுதினவர்."

"வாசிக்காததாலதான் எழுதினவன். வாசிச்சா எழுதுவானோ?"

தொலைபேசி அடித்தது. அச்சகத்துப் பிரசாந். மக்டலீன் மீன்கையைத் துடைத்துவிட்டு எடுத்தார்.

"அன்ரி, பிறின்ற்றுக்குக் குடுக்கட்டோ? இண்டைக்கு விட்டா வெளியீட்டு டேற்றுக்கு வராது. அங்கிள் ஓகேயாமோ?"

மக்டலீன் கணவரைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஓகே தம்பி," என்றார் மக்டலீன்.

"ஒரு சேஞ்சும் இல்லையோ?"

"முன் அட்டையில அவரின்ர முகம் கொஞ்சம் பெரிசாக் கிடக்கு. மற்றதெல்லாம் சரி."

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் மீனிடம் திரும்பினார். "நாப்பது வருசமா கிறீன்வூட் எண்டு கையெழுத்து வைக்கிறன். மெசினுக்குள்ள செத்த ஒரு பெடியன்ர பேர் எண்டு இப்பதான் தெரியும். இருக்கட்டும். நல்ல பேர்தான்."

அலெக்ஸாண்டர் அன்று மாலைக்குள் இரண்டு தரம் தொலைபேசியைக் கையில் எடுத்தார். இரண்டு தரமும் வைத்தார். ஒரு பக்கத்தை எடுக்கச் சொன்னால் பிரசாந் முதலில் வாசிக்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

வெளியீடு குறித்த நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தி, குறித்தபடி நடந்தது. விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, ஆய்வுரை. ஆய்வுரை நிகழ்த்தியவர் அட்டையின் வழவழப்பை இருபது நிமிடம் ஆராய்ந்தார். இராசரத்தினம் சிறப்புரையில், "இண்டைக்கு எங்கட நடுவில இருக்கிறது ஒரு ஆலை முதலாளியின்ர இரத்தம்," என்றார். மண்டபம் கைதட்டியது. மேடையில் மாலையோடு இருந்த அலெக்ஸாண்டர், கீழே யாராவது புத்தகத்தை விரித்தால் எத்தனையாம் பக்கம் என்று எட்டிப் பார்த்தார். பெரும்பாலோர் அதை விசிறியாகப் பாவித்தார்கள். பிறகு மட்டன் றோல் வந்தது. இருநூறு பிரதி வீடுகளுக்குப் போனது. பின்வரிசையில் கரோலினோடு இருந்த அபிஷன் தாய்க்கென்று ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.

அதன்பின் தொலைபேசி அடிக்கவில்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை. "வாசிக்கேல்லப் போல," என்று அலெக்ஸாண்டர் காலையில் ஆறுதல் கொள்வார். பின்னேரம், "எல்லாரும் வாசிச்சிட்டினம் போல," என்று எழுந்து நடப்பார். யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. வியாழக்கிழமை தொலைபேசி பழுதோ என்று மக்டலீனின் தொலைபேசியிலிருந்து தனக்கே அடித்துப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது.

சனிக்கிழமை காலை இராசரத்தினம் வந்தார். இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் வருகிறவர். பனி கொட்டினாலும் வருவார், வந்தால் மக்டலீனின் தேத்தண்ணி இரண்டு கோப்பை, பொரித்த பற்றிஸ் நாலு. அன்றைக்குச் சப்பாத்துக் கழற்றவே நேரமெடுத்தார். சோபாவின் நுனியில் இருந்தார்.

"புத்தகம் பாத்தன்," என்றார். "நல்ல கடதாசி போட்டிருக்கிறியள்."

இத்தனை வருடமும் அவர் அலெக்ஸாண்டரை நீ என்றுதான் கூப்பிட்டவர்.

மக்டலீன் தட்டோடு வந்தார்.

"வேண்டாம் தங்கச்சி. இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

"ஒரு பற்றிஸ் எண்டாலும் எடுங்கோவன் அண்ணை."

"வயிறு சரியில்லை."

வீட்டு வரி கூடியதைப் பற்றியும் அடுத்த கிழமைக் குளிரைப் பற்றியும் கதைத்தார். பதினொரு நிமிடத்தில் எழுந்து போனார்.

தேத்தண்ணியில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது. அலெக்ஸாண்டர் அதையே பார்த்தபடி இருந்தார். இராசரத்தினம் தேத்தண்ணியை மறுத்துச் சொன்ன வசனம் அவருக்குத் தெரியும். அவரே சொன்னதுதான். மூன்று வருடத்துக்கு முன், விசாரணை முடிந்த அடுத்த கிழமை, கரோலினின் வற்புறுத்தலில் பிக்கரிங்குக்கு ஒரேயொரு தடவை போனார். அபிஷனின் தாய் மங்கையற்கரசி நல்ல கோப்பைகளாகப் பார்த்துத் தேத்தண்ணி கொண்டுவந்தார். இப்பதான் குடிச்சிட்டு வாறன் என்றார் அலெக்ஸாண்டர். மார்க்கத்திலிருந்து அங்கே அரைமணித்தியால ஓட்டம். அது 'இப்பதான்' ஆகாதென்று இருவருக்கும் தெரியும். அந்த மனிசி இரண்டாம் தரம் கேட்காமல் தட்டைத் திருப்பிக் கொண்டுபோனார், பல வீட்டாருக்கு முன்னால் அப்படிக் கொண்டுபோய்ப் பழகியவர்போல.

அலெக்ஸாண்டர் எழுந்தார். கார்ச் சாவியைத் தேடினார். படிக்கட்டில் நின்ற மகளைப் பார்க்காமலே, "வெளிக்கிடு பிள்ளை. பிக்கரிங்குக்கு ஒருக்காப் போட்டு வருவம்," என்றார்.

"என்னத்துக்கு?"

"தேத்தண்ணி குடிக்க."

மக்டலீன் ஆறிப்போன கோப்பையைத் தட்டில் எடுத்து வைத்தார்.

"முதல்ல போன் பண்ணிக் கேளுங்கோ," என்றார். "அவையும் நாப்பத்தேழாம் பக்கத்தை வாசிச்சிருப்பினம். தருவினமோ தெரியாது."