ஆறு கட்டத்திலும் ஐந்து

முதுகெலும்பு மூட்டுகள் தேய்ந்துபோய், தலெந்தா மூன்று வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தே தொழுதுவந்தாள். நெற்றி தரையில் பட ஒரு தடவையாவது தொழ வேண்டும். அவளுக்கு இருந்த ஆசையெல்லாம் அது ஒன்றுதான்.

சூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அனீஸ் ஒரு வழி சொன்னார். கத்தி கிடையாது, தையல் கிடையாது. வலியைச் சுமந்துபோகும் பொடி நரம்பை ஊசிமுனைச் சூட்டால் பொசுக்கிவிட்டால் ஒரு வருஷம் போல நிம்மதியாக இருக்கலாம். அதற்கு முன்னால் சோதனைக்கு ஒரு மரப்பு ஊசி. அதைப் போட்டபின் ஆறு மணி நேரம், மணிக்கொரு தடவை, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று தாளில் எழுத வேண்டும். முக்கால்வாசி குறைந்தால்தான் சூட்டு வைத்தியம். ஊசிக்கு முன்னால் தலெந்தா எட்டு என்றாள்.

காரில் கூட்டிவந்தவள் எதிர்வீட்டு மொஞ்சியா. தங்கமான மனுஷி, ஆனால் கொள்ளிக்கண். “என்ன காய்ப்பு!” என்று அவள் வியந்த மறுவாரமே பக்கத்து வீட்டு எலுமிச்சை பட்டுப்போயிற்று. அதில் ஒரு மாதமாகப் பூச்சி இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஊசி போட்டு வீடு திரும்பிய தலெந்தா பயந்து பயந்து மண்டியிட்டாள். குனிந்தாள். நெற்றி தரையைத் தொட்டது. வலி சுத்தமாக இல்லை. அப்படியே கிடந்து அழுதாள். எழுந்தால், ஜன்னலில் மொஞ்சியா.

“அடியே! சின்னப் பொண்ணாட்டம் என்னமா குனியிறே!”

தலெந்தா சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. அந்த ஊர் வழக்கப்படி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினால், ஐந்து என்று சொன்னால்கூட, கண் அண்டாதுதான். ஆனால் காரில் கூட்டிப்போய் வந்தவள் முகத்துக்கு நேரே கையை விரிப்பதா? தாளை எடுத்தாள். ஆறு கட்டத்திலும் காவலுக்கு ஐந்து, ஐந்து என்று எழுதிவைத்தாள்.

மறுநாள் டாக்டர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “எட்டு அஞ்சாத்தான் ஆயிருக்கு. பத்தாதும்மா. சூட்டு வைத்தியம் உங்களுக்குச் சரிவராது.”

பக்கத்தில் மொஞ்சியா. சொன்னால் கண் விழும், சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் நாற்காலி.

“பூஜ்யம், டாக்டர். ஆறு மணி நேரமும் பூஜ்யம்தான்.”

“அப்புறம் ஏன் அஞ்சு போட்டீங்க?”

தலெந்தா ஓரக்கண்ணால் மொஞ்சியாவைப் பார்த்தாள். டாக்டரும் அதே ஊர்க்காரர். சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார். “எங்கம்மாவும் இப்படித்தான். இன்னொரு சோதனை ஊசி போடறேன். இந்தத் தடவை நெசத்தை எழுதுங்க.”

“என் கண்ணுக்கா பயந்தே?” என்றாள் மொஞ்சியா. அதன்பிறகு வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. அவள் பேசாமல் கார் ஓட்டியது அன்றைக்குத்தான். தலெந்தாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டாவது சோதனை தேறியது. சூட்டு வைத்தியத்தன்று மொஞ்சியா கார் கொண்டுவந்தாள், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு. “ஏறுடி. நான் ரோட்டைத்தான் பார்க்கிறேன், உன்னை இல்லை.”

மூன்று வாரத்தில் வலி விட்டது. அதுவரை மொஞ்சியா கறுப்புக் கண்ணாடியைக் கழட்டவே இல்லை. தலெந்தா பாயை விரித்துவிட்டு எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தாள்.

“கண்ணாடியைக் கழட்டிட்டு வந்து பாருடி!”

“வேணாம்டி. ஏதாவது ஆயிடும்.”

“ஆனா ஆகட்டும். உன்கிட்ட காட்டாம வேற யார்கிட்ட காட்டுவேன்?”

மொஞ்சியா வந்து வாசலில் நின்றாள். தலெந்தா குனிந்து, நெற்றி தரையில் பட்டு, எதையும் பிடித்து ஊன்றாமல் எழுந்தாள்.

“கண்றாவியா இருக்குடி,” என்றாள் மொஞ்சியா, முகத்தைத் துடைத்துக்கொண்டே. “இவ்வளவு அசிங்கமா யாரும் குனிஞ்சு நான் பார்த்ததே இல்லை.”