இடக்கைக்கு ஒரு செட்

மாத்தளை திருகோணமலை வீதியில் ஸுஹைலின் ஹார்ட்வெயார் கடைக்கு ஆணி வாங்கப் போகிறவர்கள், ஆணியோடு அவன் மனைவியின் கோல்ஃப் கதையையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். வேறு வழியில்லை. பெயின்ட் டின்கள் அடுக்கிய தட்டில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்திருக்கிறான். போன வருடம் பெண்கள் போட்டியில் நுஸ்லா மூன்றாவதாக வந்து வாங்கியது. "நானா, இது ஐஸ்கிரீம் கப்பா?" என்று ஒருவன் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டு, கோல்ஃப் சட்டதிட்டம் முழுவதையும் நின்றபடியே கேட்டுவிட்டுப் போனான்.

பெருமைப்படுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்பதுதான் ஸுஹைலின் கட்சி. நுஸ்லா நகரத்து வங்கி ஒன்றில் கடன் பிரிவில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் வங்கிக்காரர்கள் பெண் ஊழியர்களைத் திகனைக்கு அப்பால், நீர்த்தேக்கத்து ஓரம் இருக்கிற கோல்ஃப் மைதானத்துக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆளுக்கொரு மட்டையைக் கொடுத்து, சும்மா அடித்துப் பாருங்கள் என்றார்கள். மற்றவர்கள் புல்லை அடித்தார்கள். நுஸ்லா பந்தை அடித்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியலில் சுபஹ் தொழுத கையோடு இருவரும் வேனில் கிளம்பிவிடுவார்கள். அவள் ஆடுவாள், அவன் பை சுமப்பான். "கடையில முதலாளி, மைதானத்துல கூலி" என்று பக்கத்துத் துணிக்கடை விஜேந்திரன் கிண்டல் பண்ணுவார். ஸுஹைல் அதையும் பெருமைக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டான்.

குறை ஒன்றுதான். சொந்த மட்டை இல்லை. மைதானத்தில் வாடகைக்குத் தருகிற தேய்ந்த மட்டைகளை வைத்துத்தான் நுஸ்லா ஆடினாள். நன்றாக அடித்த பந்துகூட பாதி வழியில் மனம் மாறினாற்போல வலப்பக்கம் வளைந்து போய்விடும். "எல்லாம் அந்த ஓட்ட மட்டையால. அதுலயே மூணாவது வந்தவ, சொந்தச் செட் வந்தா மொதலாவது. இந்த டிசம்பர்ல பாருங்க" என்று ஸுஹைல் தெருவுக்கே சொல்லி வைத்துவிட்டான்.

கொழும்பில் விசாரித்தான். பெரிய பெயர்க் கம்பனிகளின் விலையைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டான். வழி காட்டியவள் லோஜனா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மாத்தளையில் டொக்டர், ஞாயிறுகளில் நுஸ்லாவோடு சேர்ந்து ஆடுகிறவள். வெளிநாட்டில் இப்போது சின்னக் கம்பனிகள் சில, மட்டைகளைக் கடைகளுக்கே போடாமல், இணையத்தில் அளவும் ஓர்டரும் வாங்கி நேரே ஆடுகிறவர் வீட்டுக்கு அனுப்புகின்றன என்று அவள்தான் சொன்னாள்.

"இடையில கடைக்காரர் எண்டு ஒருத்தரும் இல்லை அண்ணா, அதாலதான் மலிவு" என்றாள். ஒரு கடைக்காரனிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த நேரம் அவளுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. ஸுஹைலுக்குச் சுருக்கென்றது. மூன்று தலைமுறையாக இடையில் நின்று சோறு சாப்பிடுகிற குடும்பம் அவனுடையது. இருந்தாலும் பெண்டாட்டிக்காக ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தான்.

அந்தக் கம்பனிகள் இலங்கைக்கு அனுப்புவதில்லை. லோஜனாவின் அண்ணன் உமாசுதன் கனடாவில் இருக்கிறான். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று கம்பனிகள் பெரிய எழுத்தில் போட்டிருந்தன. அந்த வசதியெல்லாம் கனடாக்காரனுக்குத்தான். மாத்தளைக்கு வந்தது வந்ததுதான். ஆகவே ஒரே தடவையில் சரியாகத் தெரிவு செய்ய வேண்டும்.

ஸுஹைல் தூக்கத்திலும் மட்டைதான் பார்த்தான். யாராரோ வெள்ளைக்காரர்கள் இரண்டு மட்டைகளை மாறி மாறி அடித்துக் காட்டும் வீடியோக்களை, விளங்கினாலும் விளங்காவிட்டாலும், தலையாட்டிக்கொண்டே பார்த்தான். கடைசியில் இரண்டு கம்பனிகள் மிஞ்சின. ஒன்று, இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்கிற கம்பனி. மங்கிய வெள்ளி நிறம், கத்தி மாதிரி மெல்லிய தலை, பார்த்தாலே கையில் எடுக்கத் தோன்றும். மற்றது வார்ப்பு. தலை கொஞ்சம் தடிப்பம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. பந்து நடுவில் படாவிட்டாலும் ஓரளவு நேரே போகும் என்பது மட்டும் அதற்கு ஒரு நற்சான்று.

"வார்ப்பு தண்ணிப் பம்புக்குச் சரி, வாசல் கேட்டுக்குச் சரி. நுஸ்லா கையில வார்ப்பா?" என்று ஸுஹைல் கடையில் நின்று எல்லாரிடமும் கேட்டான். காய்ச்சி அடித்த மட்டை என்று முடிவாகி, வீதி முழுவதும் செய்தியும் போய்விட்டது. அலுவிகாரையில் தங்கள் வீட்டு முன்னறையில் நுஸ்லாவை நிமிர்ந்து நிற்க வைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்டீல் டேப்பால் உயரம் ஒன்று, மணிக்கட்டிலிருந்து தரை வரை ஒன்று என்று அளந்தான். உம்மா ஹவ்வா வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, மருமகளுக்கு நிலைக்கதவு செய்யப் போறியா?"

ஓர்டர் போட இருந்த வாரம்தான் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை நுஸ்லா அடித்த பந்து வழக்கம்போல வளைந்து போய், ஒரு மாரா மரத்தின் வேரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் வழக்கமாக நிற்கிற பக்கத்தில் மரம். நிற்கவே இடமில்லை. விதிப்படி ஓர் அடியைத் தண்டமாகக் கொடுத்துவிட்டுப் பந்தை எடுத்து வெளியே வைக்கலாம். நுஸ்லாவுக்கு அதற்கு மனம் வரவில்லை. மட்டையின் தலையைக் கீழ்மேலாகத் திருப்பிப் பிடித்தாள். பந்தின் மறுபக்கம் போய் நின்று, கை மாற்றி, மட்டையின் மூக்கால் ஓர் அடி அடித்தாள்.

பந்து எழும்பிய அழகைச் சொல்ல வேண்டும். வளையவில்லை, தயங்கவில்லை. நேரே போய்க் கொடிக்குப் பக்கத்தில் இறங்கியது.

"ஐயோ அக்கா, சரியான குருட்டு அடி!" என்று லோஜனா விழுந்து விழுந்து சிரித்தாள். நுஸ்லாவும் சிரித்தாள். ஸுஹைல் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக அவள் அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் தோளுக்கும் கைக்கும் ஏதோ ஒரு சண்டை நடப்பதை அவன் பார்த்திருக்கிறான். வாடகை மட்டையின் குற்றம் என்று நினைத்திருக்கிறான். இந்த அடியில் அந்தச் சண்டை இல்லை.

மறுநாள் காலையில் நுஸ்லா வேலைக்குப் போகுமுன் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாள் முதல் பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் ஸுஹைல் அவள் கையைப் பார்த்தான். ஈர்க்கு விளக்குமாற்றில் வலக்கை மேலே, இடக்கை கீழே. குப்பை, மரத்தடியில் பந்து போன மாதிரியே, போக வேண்டிய பக்கம் நேரே போய்க்கொண்டிருந்தது.

"நுஸ்லா, நீ எடது கையா?"

அவள் கூட்டுவதை நிறுத்தினாள். "சோத்துக்கும் எழுத்துக்கும் வலது. எங்க உம்மா சின்னதுலயே பழக்கிட்டாங்க. மத்த வேலைக்கெல்லாம் எது சும்மா இருக்கோ அந்தக் கைதான். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"அப்ப கோல்ஃப்?"

"அன்னைக்குக் கையில குடுத்தாங்க. எப்படிப் பிடிக்கச் சொன்னாங்களோ அப்படிப் பிடிச்சேன்."

வாசலில் நின்ற ஹவ்வா மகனை மேலும் கீழும் பார்த்தார். "இது இன்னைக்குத்தான் ஒனக்குத் தெரியுதா? புள்ள வந்து மொத தடவ முத்தம் கூட்டின அன்னைக்கே கோடெல்லாம் மறுபக்கமா விழுந்து கெடந்திச்சு. எடக்கைக்காரின்னு நான் அப்பவே கண்டுட்டேன்."

"ஏன் உம்மா சொல்லல?"

"முத்தம் சுத்தமாத்தானே இருந்திச்சு? என்னத்தைச் சொல்ல?"

அன்று பின்னேரம் ஸுஹைல் கம்ப்யூட்டரைத் திறந்தான். காய்ச்சி அடித்த மட்டைக் கம்பனியின் பக்கத்தில், முதல் கேள்வியே வலக்கையா இடக்கையா என்பதுதான். இத்தனை நாளும் யோசிக்காமல் வலக்கை என்று தட்டிவிட்டுப் போயிருக்கிறான். இப்போது மற்றதைத் தட்டினான். பெண்களுக்கான நீளத்தில் இடக்கைக்கு இல்லை என்று வந்தது. வார்ப்புக் கம்பனியில் தட்டினான். எல்லா மட்டையும் இரண்டு கைக்கும் இருந்தது. விலையிலும் வித்தியாசமில்லை.

கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தான். கடைக்காரன் புத்தி அவனுக்கு நன்றாகத் தெரியும். பத்துப் பேரில் ஒருவர் கேட்கிற சாமானை எவன் வாங்கி அடுக்குவான்? அவனே அடுக்க மாட்டான். தகரம் வெட்டுகிற கத்திரியில் இடக்கைக்கு உண்டா என்று எப்போதோ ஒருவர் கேட்டபோது, "அப்படியெல்லாம் வாறதில்ல" என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பியிருக்கிறான். இடையில் நிற்கிற அவனைப் போன்றவர்கள் எல்லாருமாகச் சேர்ந்துதான் நுஸ்லாவை வலக்கைக்காரியாக்கி வைத்திருந்தார்கள்.

லோஜனாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் அவள் குதித்தாள். "உங்களுக்கென்ன விசரே அண்ணா? ஓகஸ்டில மட்டை வந்தால் டிசம்பருக்கு எத்தினை நாள் கிடக்கு? முதல்ல இருந்து பழக வேணும். இந்த வருசக் கப்பை மறந்திடுங்கோ."

மறப்பதா? தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டதே. நுஸ்லா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது ஸுஹைல் மெதுவாக ஆரம்பித்தான்.

"இந்த வருஷம் வலது கைச் செட்டே எடுப்போமா? மொதலாவது வந்துட்டு, பிறகு பாத்துக்குவோம்."

நுஸ்லா பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மொதலாவது வாறது ஒங்களுக்கு வேணும். எனக்கு அந்த மரத்தடியில அடிச்ச அடி வேணும். ரெண்டு வருஷமா நல்லா ஆடுறேன்னு எல்லாரும் சொல்றாங்க, நீங்க ஊரெல்லாம் சொல்றீங்க. எனக்கு மட்டும் யாரோ ஒருத்தரோட உடுப்பைப் போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரியே இருந்திச்சு. நேத்துத்தான் அப்படி இல்ல."

ஸுஹைல் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தான். வார்ப்பு மட்டை, இடக்கை. அவளே தட்டினாள்.

ஓகஸ்டில் மட்டைகள் வந்தன. கலேவெலயில் நுஸ்லாவின் வாப்பா ஸெய்னுலாப்தீனின் வயல் அப்போதுதான் அறுவடை முடிந்து கிடந்தது. தாளடியில் பந்தை வைத்து, வரம்புகளைத் தூரக் கணக்குக்கு வைத்து, மைதானத்துப் பக்கமே போகாமல் ஞாயிறுதோறும் இங்கேயே அடித்துப் பழகினாள். முதல் சில வாரம் பந்தைவிட மண்தான் தூரம் போனது. மரத்தடியில் வந்த அடி கூப்பிட்ட நேரமெல்லாம் வரவில்லை. ஒரு நாள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வரம்பில் உட்கார்ந்து அழுதாள். ஸுஹைல் கொக்குகளுக்கு நடுவே பந்து பொறுக்கிக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மண்ணைத் துடைத்தான். கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து இன்னொரு பந்தை வைத்தாள். அது இரண்டாம் வரம்பைத் தாண்டிப் போனது.

கடையில் ஸுஹைல் வாயை மூடிக்கொண்டான். வாடிக்கையாளர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்ட ஆணி கேட்டவுடன் கிடைத்தது. "என்ன தம்பி, சுகமில்லையா?" என்று விஜேந்திரன் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

டிசம்பர் போட்டியன்று ஸுஹைல் வழக்கமாக நிற்கிற இடத்திலேயே நின்றான். முதல் பந்து வைக்கிற மேட்டின் இடப்பக்கம், பை சுமக்கிறவர்களுக்கு நிழல் தருகிற மரத்தடி. போன வருடமும் இங்கேதான் நின்றான். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, அவனுக்கு முதுகு காட்டி நின்று அடித்துவிட்டுப் போனார்கள். நுஸ்லாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மேட்டில் ஏறி, பந்தை வைத்து, மறுபக்கம் போய் நின்றாள்.

அவனைப் பார்த்து நின்றாள்.

ஸுஹைல் இதை யோசித்திருக்கவில்லை. வயலில் அவன் எப்போதும் பந்து போய் விழுகிற பக்கத்தில் நிற்பான். இங்கே இரண்டு வருடமாக அவன் பார்த்ததெல்லாம் அவளுடைய ஸ்கார்ஃபின் பின்பக்கத்தையும் தோளையும்தான். இப்போது முகம் தெரிந்தது. உதடு மெல்ல அசைந்தது. பிஸ்மில்லாஹ். ஒவ்வொரு பந்துக்கும் சொல்லித்தான் அடித்திருக்கிறாள், கூடவே பை சுமந்தவனுக்குத் தெரியாது. மட்டையைத் தூக்கினாள், இறக்கினாள். சத்தம் சுத்தமாக விழுந்தது. அவள் தலை நிமிர்ந்தது. யாருடைய உடுப்பையும் போட்டுக்கொண்டு நிற்கிற முகமல்ல அது. கையும் தோளும் காலும் எல்லாம் தன்னுடையவை என்று தெரிந்துகொண்ட ஒரு பெண்ணின் முகம். "மாஷா அல்லாஹ்" என்றான் ஸுஹைல், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. இத்தனை காலம் தெருவெல்லாம் பேசித் திரிந்த பெருமை, இதன் முன்னால் ஒன்றுமேயில்லை என்று தோன்றியது.

மறுநாள் கடை திறந்ததும் விஜேந்திரன் வந்துவிட்டார். இரண்டு மூன்று வாடிக்கையாளர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன தம்பி, மொதலாவதா?"

"கடைசிக்கு முந்தினது" என்றான் ஸுஹைல். பழைய குரல் திரும்பி வந்திருந்தது. எதிர்ப்பக்கத்துக் கடை வரை கேட்டிருக்கும். "எடது கையால, வார்ப்பு மட்டையால."

விஜேந்திரன் விடவில்லை. "சரி, அடி எப்படி? மொதப் பந்து எவ்வளவு தூரம் போச்சு?"

"தெரியாது அண்ணன்" என்றான் ஸுஹைல். "நான் பந்தைப் பாக்கல."