ஒன்பது மணிப் பெரட்டு

…பின்னறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாகிவிட்டது, இனி மறுக்க என்ன இருக்கிறது, மாமியைக் காரில் ஏற்ற வேண்டியதுதான், இந்த ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவில் என் வீட்டுக்கு அரை மணி நேரம்… இது சாந்தினி கொடுத்த வாக்கு, என்னுடையது இல்லை. கால் சரியானதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேம்மா என்றாள், இந்த முதியோர் இல்லத்தின் வாசலில் வைத்து, இரண்டு வருடம் முன்பு. கால் சரியாகிவிட்டது. சொன்னவள் இறந்து ஏழு மாதம். நான் கணவன், வாக்கு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்… அவ்வளவுதானா?

மாமி தலைக்குச் சாயம் பூசியிருந்தார். கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. மகளைத் தூக்கிய அன்று சக்கர நாற்காலியில் சுருண்டு கிடந்தவர் இவர்தானா, பெற்ற வயிறு இவ்வளவு சீக்கிரம் தேறுமா, எனக்குச் சோறு இன்னும் இறங்கவில்லையே… "வாங்க மாப்ள, எளச்சிட்டீங்க. இருங்க, பெரட்டு முடியட்டும்." தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்களே, அந்தப் பெரட்டு. இங்கே பழைய கங்காணி ரெங்கசாமி தினமும் நடத்துகிறார், எண்பத்திரண்டு வயது, ஒரு பள்ளிக்கூட நோட்டு, காதில் பென்சில், எதிரே பதினோரு பேர் தேயிலை மலையைப் பார்த்தபடி வரிசையாக. "ருக்குமணி!" "நான் இருக்கேன் கங்காணி, முட்டிதான் லீவு." சிரிப்பு. "பவளம்!" மாமி கையை உயர்த்தி, "இருக்கேன்." இந்த விளையாட்டுக்காகவா காத்திருக்கிறேன், மாமியின் துணிமணி ஒரு பைக்குள் அடங்கிவிடும், பத்து மணிக்குள் கிளம்பிவிடலாம்… "சாந்தினி!"

என்ன? யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் வருவாள், அப்போது எழுதிக்கொண்ட பெயர், அழிக்கவில்லை போல. மாமி மலையிலிருந்து கண்ணை எடுக்காமல், சத்தமாக, தெளிவாக, "லீவு கங்காணி" என்றார். ரெங்கசாமி குறித்துக்கொண்டார். தினமும் சொல்கிறாரா இதை, ஏழு மாதமாக, இதைச் சொல்லிவிட்டுத்தான் கஞ்சி குடிக்கிறாரா, சிரிக்கிறாரா, தலைக்குச் சாயம் பூசிக்கொள்கிறாரா…

"நான் வரல மாப்ள." நான் இன்னும் கேட்கவே இல்லை, என் கையிலிருந்த காலிப் பையைப் பார்த்துத்தான் சொன்னார். "நீங்க வேலைக்குப் போயிட்டா, அங்க அவ பேரக் கூப்புட யாரு இருக்கா?" உங்களுக்காகத்தான் மாமி அந்த அறை, அந்தக் கம்பி… சொல்ல வந்தேன். பொய். வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது உள்ளேயிருந்து ஒரு இருமலாவது கேட்க வேண்டும் எனக்கு.

ரெங்கசாமி என்னைப் பார்த்தார், நோட்டின் அடியில் ஏதோ எழுதினார். "யுவனேஸ்வரன்!" பதினோரு முகங்கள் என் பக்கம். "சொல்லுங்க லா தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் ருக்குமணி. மாமி மட்டும் சிரிக்கவில்லை. இருக்கேன் என்பதா, லீவு என்பதா… பென்சில் காத்துக்கொண்டிருந்தது.