தண்ணீர் விடுகிற வண்டி

எங்கள் கிடங்கில் மூட்டை தூக்கும் வண்டி ஹைட்ரஜனில் ஓடுவது. அதன் வயிற்றுக்குள் ஒரு பியூவல் செல் இருக்கிறது. வாயுவும் காற்றும் அதற்குள் சேர்ந்து மின்சாரமாகும், மிச்சம் தண்ணீராகச் சொட்டும். இந்த வாரம் முழுக்க அது ஏற்றத்தில் திணறித் திணறி நின்றது. இன்றைக்குள் சரியாகாவிட்டால் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். அனுப்பினால் மூட்டை மறுபடி என் முதுகுக்கு வரும். சட்டை மாட்டவே வலது தோள் மக்கர் பண்ணுகிறது.

மெக்கானிக் வந்தாள். என் மகள் வயதிருக்கும். மூடியைக் கழற்றி மீட்டரை மாட்டினாள்.

“வோல்டேஜ் படுத்திருக்கு. ஒண்ணு உள்ள காஞ்சிருக்கணும், இல்ல தண்ணி தேங்கியிருக்கணும். ரெண்டுக்கும் இதே மூஞ்சிதான்.”

“அப்ப எப்படிம்மா கண்டுபிடிப்ப?”

“காத்தைக் கூட்டிப் பாக்கறேன், அண்ணே. காஞ்சிருந்தா இன்னும் படுக்கும். தேங்கியிருந்தா தண்ணியத் தள்ளிட்டு எழுந்திரிக்கும்.”

காற்று இரைந்தது. மீட்டரில் எண் ஏறியது. எனக்கும் மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் எண் மறுபடி சரிந்தது.

“தேக்கம்தான். ஆனா தண்ணிக்குப் போக வழியில்ல. வெளிய விடுற குழாய் எங்க?”

இருவரும் குனிந்து பார்த்தோம். தரையைப் பார்த்துத் தொங்கவேண்டிய குழாயை மேலே வளைத்து, கம்பியோடு சிவப்புத் துணியால் யாரோ இறுக்கியிருந்தார்கள். யாரோ என்ன, முடிச்சைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் சாப்பாட்டுப் பாத்திரத்திலும் தினமும் அதே முடிச்சுதான். பல்லால்தான் அவிழும்.

கிடங்கைத் துடைப்பவள் என் மனைவி. மாப்பும் கையுமாக அங்கேயே நின்றிருந்தாள்.

“என்னை ஏன் பாக்கறீங்க? நான் துடைச்சு நிமிர்றதுக்குள்ள அது பின்னாலயே ஒண்ணுக்குப் போய்க்கிட்டு வருது. கட்டிவச்சேன்.”

மெக்கானிக் சிரித்துவிட்டாள். “அக்கா, நாள் பூரா அடக்கிக்கிட்டு உங்களால வேலை பாக்க முடியுமா?”

“நாங்க தினம் அதைத்தானே பண்றோம்” என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

முடிச்சை நானே பல்லால் அவிழ்த்தேன். துடைத்து முடித்த தரையெல்லாம் தண்ணீர். எண் ஏறியது, அப்படியே நின்றது. வண்டி மூட்டையோடு ஏற்றத்தில் முனகாமல் ஏறியது. வந்து பார்த்த மேலாளர், வண்டி இங்கேயே இருக்கட்டும் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

“கீழ ஒரு வாளி மாட்டிக்குங்க. குழாய் நுனி மட்டும் தண்ணியில முங்கக்கூடாது. வாளி நிறையறதுக்குள்ள எடுத்துக் கொட்டிடணும்” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கிளம்பினாள்.

“அந்த வாளியை யாரு தூக்குறது?” என்று மனைவி கேட்டாள்.

நான் இடது தோளைக் காட்டினேன்.