பானை அலசிய தண்ணீர்

ஓசூர்ப் பக்கம் தளியில் பால் சங்கம் ஒருமுறை முளைத்து, இரண்டே மாதத்தில் பட்டுப்போனது. குற்றம் மாடுகளின் மேல் இல்லை. பாலைச் சோதிக்க முதலில் உட்கார்ந்தவர் தன் சொந்தக்காரர்களின் பாலையெல்லாம் அமிர்தம் என்றார், மற்றவர்கள் பாலையெல்லாம் ஏரித் தண்ணீர் என்றார். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, சங்கக் கொட்டகையில் கோழி அடைய ஆரம்பித்தது. ஊர் பழையபடி ஓட்டல்காரர் அனுப்பும் ஆளுக்கே பாலை ஊற்றியது. அவன் தூக்கிப் பிடித்ததுதான் படி, அவன் சொன்னதுதான் கணக்கு.

ஐம்பத்தாறாம் வருஷம் சங்கத்தை மறுபடி எழுப்பியவன் முனிராஜ். பெங்களூரில் இரண்டு வருஷம் தத்துவம் படித்தவன். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டுக் காட்டுக்கும் மாட்டுக்கும் திரும்பியவன். வீடு வீடாக ஏறி இறங்கி, நாற்பது குடும்பங்களைச் சம்மதிக்க வைத்திருந்தான். இந்தத் தடவையும் சங்கம் கவிழ்ந்தால் மூன்றாவது தடவை எவனும் செம்பைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் ஒரே ஒரு ஆளைப் பொறுத்து இருந்தது. பாலில் மீட்டரைப் போட்டுப் பார்த்து, உள்ளதைச் சொல்கிற ஆள்.

மீட்டர் என்று ஊர் சொன்னது ஒரு கண்ணாடிக் குழலை. நல்ல பாலில் கோட்டுக்கு மேலே தலை நிமிர்ந்து மிதக்கும், தண்ணீர் கலந்திருந்தால் கீழே இறங்கும். பாலுக்கு இப்படி ஒன்று இருக்கும்போது மனுஷனுக்கு ஏன் இருக்கக் கூடாது என்பது முனிராஜின் யோசனை. டிரங்குப் பெட்டியிலிருந்து கல்லூரி நோட்டை எடுத்தான். உளவியல் வகுப்பில் எழுதிய குறிப்பு அதில் இருந்தது. ஒருவனுடைய நேர்மையை அளக்க வேண்டுமானால், யாரும் பார்க்கவில்லை என்று அவன் நம்புகிற இடத்தில் அவனை விட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே தத்துவ வாத்தியார் சொன்னது ஒன்று: நற்குணம் என்பது எண்ணத்தில் இல்லை, கை பழகிய பழக்கத்தில் இருக்கிறது. இதன் அடியில் அந்தக் காலத்திலேயே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தான், புரிந்துதான் போட்டானா என்று தெரியாது.

நோட்டில் கட்டம் போட்டான். நேர்மை, பொறுமை, இரக்கம், துணிவு, அடக்கம் என்று ஐந்து குணம், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கட்டம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் தன் பெயரையே எழுதினான். நேர்மைக்குப் பத்துப் போட்டான். தனக்குத்தானே பத்துப் போடுவது நன்றாயில்லை என்று ஒன்பதாக்கினான். அப்படிக் குறைத்துக்கொண்டதற்காக அடக்கத்துக்கு ஒரு பத்துப் போட்டான்.

எட்டிப் பார்த்த அவன் மனைவி முனிலட்சுமி, "பொறுமைக்கு நான் போடறேன், குடுங்க" என்று பென்சிலுக்குக் கை நீட்டினாள். அவன் நோட்டை மூடிவிட்டான்.

வேலைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். கோவிந்தப்பன் ஆறு மாட்டுக்காரர், வாய் பெரிது, கோபம் வந்தால் தமிழ் போய்த் தெலுங்கு வரும். திம்மப்பன் கோயில் காரியங்களுக்கு முன்னால் நிற்பவர், யாரையும் ஒரு சொல் நோகப் பேசாதவர். மூன்றாவது வெள்ளையம்மா. சிங்காரப்பேட்டையிலிருந்து வாக்கப்பட்டு வந்து, புருஷனை இழந்து, ஒரு எருமையையும் கூலி வேலையையும் வைத்துப் பிழைப்பவள். நாலு வகுப்புப் படித்தவள், எண் தெரியும்.

முனிராஜ் அவர்களிடம் சொன்னான்: "ஏரிக்கு அந்தப் பக்கம் பங்களாவுல சர்வே ஆபீசருங்க தங்கியிருக்காங்க. ஆளுக்கு ஒரு நாள், காலையில கொட்டகையில சங்கத்துப் பால் மூணு படி வாங்கிக் கொண்டு போய்க் குடுங்க. வாட்சுமேன் வாங்கிக்குவான். அளக்கறது, பாக்கறது ஒண்ணும் கிடையாது."

வாட்சுமேன் ராமப்பனைத் தவிரப் பங்களாவில் ஈ காக்கை இல்லை. சமையல் அறையில் மீட்டரும் படியுமாக முனிராஜ்தான் ஒளிந்திருந்தான். ஒற்றையடிப் பாதை முழுக்க ஏரியை ஒட்டியே போகிறது, குனிந்தால் தண்ணீர். இதைவிட நல்ல சோதனை எங்கே கிடைக்கும் என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை.

முதல் நாள் கோவிந்தப்பன் வந்தார். பால் சுத்தம், அளவு சரி. இரண்டாம் நாள் திம்மப்பன். பால் சுத்தம், அளவு சரி, மேலே ஈரத்துணி வேறு கட்டியிருந்தார். இருவருக்கும் பத்து பத்து. ஊரைத் தப்பாக எடைபோட்டிருந்தோமே என்று முனிராஜுக்குக் கண் கலங்கியது.

மூன்றாம் நாள் வெள்ளையம்மா பால் தூக்கை வாசல்படியில் வைத்துவிட்டு, வாட்சுமேன் ராமப்பனைத் தாண்டி, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஐயா, ஒரு உழக்கு கொறையுதுங்க. அளந்து பாத்துக்கங்க."

முனிராஜ் அடுப்புக் கரியோடு வெளியே வந்தான். "நான் உள்ள இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியுமுங்க. ராமப்பண்ணன் மொத நாளே டீக்கடையில சொல்லிடுச்சு."

ராமப்பன் வேலியோரம் எதையோ தேடப் போய்விட்டான். முனிராஜுக்கு முகம் சுருங்கியது. அந்த இரண்டு பத்தும் நோட்டில் நின்று பல்லைக் காட்டுவது போலிருந்தது. மீட்டர் காத்திருப்பது தெரிந்தால் யார்தான் தண்ணீர் ஊற்றுவார்கள்?

"சரி, உழக்குப் பால் எங்க போச்சு?"

"ரோட்டு வேலைக்கு வந்திருக்கறாங்க இல்லீங்களா, கல்லு ஒடைக்கறவங்க. அதுல ஒருத்திக்குக் காய்ச்சல். தாய்ப்பால் வத்திப் போச்சு. கைப்புள்ள கத்துது. அதுக்குக் குடுத்தேன்."

"இங்க மீட்டர் வச்சுக்கிட்டு நான் உக்காந்திருக்கறது தெரிஞ்சுமா?"

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்க உக்காந்திருக்கறீங்கன்னு புள்ளைக்குப் பசிக்காம இருக்குங்களா? சாயங்காலம் என் எருமை கறந்ததும் உழக்கு ஊத்திடறேன்."

சொன்னபடி சாயங்காலம் கொண்டுவந்து ஊற்றியும் விட்டாள்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை முனிராஜுக்கு. இரக்கத்துக்குப் பத்து, சரி. நேர்மைக்கு என்ன போடுவது? கேட்காமலே குறையைச் சொன்னாளே, அதற்குப் பத்து. சங்கத்துப் பாலை எடுத்துக் கொடுத்தாளே, அதற்குச் சைபர். கூட்டி வகுத்தால் ஐந்து. ஐந்து என்றால் பாதித் திருடி என்றல்லவா ஆகிறது? அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் கூட்டம். முனிராஜ் நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னான், தான் பொய் சொன்னதையும் சேர்த்து. கோவிந்தப்பன் எழுந்தார்.

"ஊருப் பாலை எடுத்துத் தானம் பண்ண இவ யாரு? தண்ணி கலக்கலேன்னா, மீட்டருக்குப் பயந்து கலக்கல. இதுல என்னா பெருமை?"

"நீங்களும் மீட்டருக்குப் பயந்துதானே கலக்கல" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கோவிந்தப்பனுக்குத் தெலுங்கு வர ஆரம்பித்தது.

முனிராஜ் கையமர்த்தினான். கோவிந்தப்பன் சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. யார் கலப்பார், யார் கலக்கமாட்டார் என்று அந்தச் சோதனை எதையும் காட்டவில்லை. அப்போதுதான் அவனுக்கு வேறு ஒன்று தோன்றியது.

"கோவிந்தப்பண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பால்ல என்னைக்கோ ஒரு நாள் தண்ணி இருக்குதுன்னு வைங்க. திம்மப்பண்ணன் பாத்தா என்ன சொல்லுவாரு?"

"அவரா? பாவம், போனாப் போவுதுன்னு விட்டுடுவாரு."

திம்மப்பன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை.

"வெள்ளையம்மா பாத்தா?"

"அவளா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கற மாதிரி தண்ணின்னு சொல்லிடுவா. தன் கொறையையே பங்களா வாசல்ல நின்னு சொன்னவ, என்னை விடுவாளா?"

 கொட்டகையின் ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பி எல்லாரையும் தொற்றிக்கொண்டது. வெள்ளையம்மாவுக்குத் தானே ஓட்டுப் போட்டுவிட்டது கோவிந்தப்பனுக்குக் கடைசியாகத்தான் புரிந்தது.

மறுநாள் விடியற்காலை. ஓசூர் பஸ் வருவதற்குள் பால் கேனுக்குள் போக வேண்டும். கொட்டகை முன்னால் நாற்பது பேர் வரிசை. சங்கத்தின் காரியதரிசி என்ற முறையில் முனிராஜ் முதலில் நின்றான். அவனே கறந்து கொண்டுவந்த பால், இரண்டு படி, செவலைப் பசுவுடையது. வெள்ளையம்மா மீட்டரைப் போட்டாள். பார்த்தாள். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தண்ணி இருக்குதுங்க" என்றாள்.

"என் பால்லயா?" முனிராஜுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நானே கறந்தேன். வேற ஒரு கை படல. மீட்டரைச் சரியாப் பாரு."

அவள் குழலைக் காட்டினாள். கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கி நின்றது. அவனுக்குக் காது சுட்டது. இவளை நிற்க வைத்தவன் நான், என்னையே இப்படி நிற்க வைக்கிறாளே என்று கோபம் வந்தது.

வெள்ளையம்மா குரலைத் தணித்துக் கேட்டாள். "கறந்த செம்பையும் பானையையும் அலசி ஊத்தினீங்களா?"

அவன் யோசித்தான். யோசிக்க என்ன இருக்கிறது? தினமும் செய்கிறதுதான். செம்பில் ஒட்டியிருக்கிற பால் வீணாகக் கூடாது என்று ஒரு தம்ளர் தண்ணீர், பானைக்கு ஒரு தம்ளர். அப்பா செய்தார், அவன் செய்கிறான். ஓட்டல்காரர் ஆளுக்கு ஊற்றிய இத்தனை வருஷமும் செய்திருக்கிறான். அதைத் தண்ணீர் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"ஊத்தினேன்" என்றான்.

"அதுவும் தண்ணிதானுங்க."

கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, கூடவே நிம்மதியாகவும் இருந்தது. காரியதரிசியின் பாலைத் திருப்பிய இடத்தில் இனி எவன் வந்து ஓரவஞ்சனை என்று பேசுவான்? பதிவுப் புத்தகத்தை இழுத்து, முதல் வரியில் தன் பெயரை எழுதி, தண்ணீர் உள்ளது, திருப்பப்பட்டது என்று அவனே எழுதினான்.

நிமிர்ந்தபோது வரிசை பாதியாகியிருந்தது. கோவிந்தப்பன் தூக்கும் கையுமாகத் தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்தார். மாட்டை அவிழ்க்க மறந்துவிட்டாராம். திம்மப்பனுக்கும் வீட்டில் ஏதோ அவசரம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை ஞாபகம் வந்து, நாற்பதில் பதினோரு பேர்தான் கடைசியில் நின்றார்கள். அன்று பஸ் ஏறியது ஒரே ஒரு கேன்.

அடுத்த நாள் விடியலில் முனிராஜ் செவலையைக் கறந்து முடித்தான். பாலைப் பானையில் ஊற்றினான். கை தன்பாட்டுக்குத் தண்ணீர்க் குடத்தின் பக்கம் நீண்டது. பாதி வழியில் நிறுத்தினான். நற்குணம் எண்ணத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது என்று வாத்தியார் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது, கோடு போட்ட இடம் சரியான இடம்தான். செம்பைப் பானைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ஒட்டியிருந்தது ஒவ்வொரு சொட்டாக விழும் வரை காத்திருந்தான்.

முனிலட்சுமி தொழுவ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்துக்கு எத்தனை போடறீங்க?"

"ஒண்ணு" என்றான் முனிராஜ். "இன்னைக்குத்தானே ஆரம்பிச்சிருக்கறேன்."